கம்பளியோடு ஒரு மழைக்கோட்டும் கொடுங்கள்

தில்லியில் குளிர்காலந்தோறும் கம்பளி வழங்கும் தமிழ் அன்பர்களுக்கு,

வணக்கம். நீங்கள் கொடுத்த கம்பளிகளால் எத்தனையோ குடும்பங்கள் ஜனவரி இரவுகளைக் கடந்திருக்கின்றன. அந்த நன்றியோடு ஒரு வேண்டுகோள்.

வீட்டு வேலைக்குப் போகும் நம் பெண்களைக் குளிர் அதிகம் வாட்டுவது படுக்கையில் அல்ல, விடியற்காலைப் பேருந்து நிறுத்தத்தில். 2025 ஜூனில் ஜங்புராவில் தமிழர்கள் வாழ்ந்த மதராசி கேம்ப் குடிசைப்பகுதி இடிக்கப்பட்டபோது, மாற்று வீடு பெற்றவர்களுக்கு அது கிடைத்தது நகரின் வடகோடியில், நரேலாவில். அங்கிருந்து தென் தில்லிக்கு வீட்டு வேலைக்கு வர இருட்டிலேயே கிளம்ப வேண்டும். கம்பளியைப் போர்த்திக்கொண்டு கூட்டத்தில் பஸ் ஏற முடியாது.

மழையும் சேர்ந்துவிட்டால் இன்னும் மோசம். தில்லிக் குளிர் வறண்டது என்றே நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் காற்றுச் சுழற்சிகள் இங்கே மழை கொட்டுகின்றன. 2022 ஜனவரியில் மட்டும் 88 மில்லிமீட்டர். நனைந்த உடம்பிலிருந்து சூடு மிக வேகமாகப் போய்விடும். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு அதிகமாக வெப்பத்தைக் கடத்தும். பருத்திச் சேலையும் உள்பாவாடையும் கீழே நனைந்தால் கணுக்காலோடு ஒட்டிக்கொண்டு, பாத்திரம் தேய்த்து முடிக்கும்வரை காயாது. கம்பளி நூல் அப்படியல்ல, ஈரமானாலும் ஓரளவு சூட்டைக் காக்கும்.

ஆகவே, இந்த முறை ஒவ்வொருவருக்கும் சேலைக்குள் போட ஒரு மெல்லிய தெர்மல் பேண்ட், முன்பக்கம் பட்டன் வைத்த ஸ்வெட்டர், ஸ்வெட்டருக்கும் தோள்பைக்கும் மேலே போடும் அளவுக்குத் தொளதொளவென்று தலைமூடியுள்ள மழைக்கோட்டு, இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை கொடுங்கள். ஒரு ஜோடி மாற்றுக்கு. வேலைக்குப் போன வீட்டில் ஈரத்தைக் கழற்றி, உலர்ந்ததைப் போட்டுக்கொள்ளலாம். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு இறுக்கமான ஷூவுக்குள் காலைத் திணித்தால் ரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் மேலும் விறைக்கும். இதைக் கொடுக்கும்போதே சொல்லுங்கள். வயதான அம்மாக்கள் சேலைக்குள் பேண்ட்டா என்று தயங்குவார்கள். வற்புறுத்த வேண்டாம், முழங்கால்வரை வரும் காலுறையாவது கொடுங்கள்.

பணம் போதாதென்றால் கம்பளியின் எண்ணிக்கையைக் குறைத்து மழைக்கோட்டு வாங்குங்கள் என்பேன். போன வருடக் கம்பளி பலர் வீட்டில் இன்னும் நன்றாகவே இருக்கிறது, மழைக்கோட்டுதான் இல்லை.

பொங்கலுக்குக் கொடுத்தால் பாதிக் குளிர் போயிருக்கும். தீபாவளி முடிந்ததும் அளவு கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், டிசம்பர் முதல் வாரத்தில் கையில் சேருங்கள். அளவு எடுக்க வீடுவீடாக வர நான் தயார்.

அன்புடன்,
தெற்கு தில்லியில் வசிக்கும் ஒரு தமிழ்ப் பெண்