முரளிக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள முரளி,

அக்கா வீட்டில் நானும் அம்மாவும் சுகம். போன் போட்டால் நீ எடுப்பதில்லை. 'மீட்டிங்' என்று மெசேஜ் மட்டும் வருகிறது. சரி, எழுதினால் ராத்திரியாவது படிப்பாய்.

மாப்பிள்ளை எங்களை பிரான்ஸில் இருக்கிற பூர்ஜ் ஊருக்கு அழைத்துப் போனார். அங்கே ழாக் கேர் என்ற வியாபாரி 1443-இல் கட்டத் தொடங்கிய வீடு இருக்கிறது. சொந்தக் கப்பல் வைத்து வியாபாரம் பண்ணியவர். பிரான்ஸை ஆண்ட ஏழாம் சார்ல்ஸ் ராஜாவின் அரண்மனைக்குத் துணிமணி, நகை வாங்கித் தருவதும் அவர் பொறுப்பு.

பொதுப்பணித் துறைக் கண் சும்மா இருக்குமா? முதலில் பின்பக்கம்தான் போய்ப் பார்த்தேன். ரோமானியர் காலத்து ஊர் மதில் மேலேயே பின்சுவரை ஏற்றி, பழைய கொத்தளங்களையும் வீட்டோடு சேர்த்துவிட்டார்கள். பின்னாலிருந்து பார்த்தால் கோட்டை, தெருவிலிருந்து பார்த்தால் மாளிகை. கெட்டிக்காரர். உனக்கும் அந்தப் புத்தி உண்டு. தாம்பரம் கடையை நீ பேசி முடித்த விதத்தை இங்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

வெந்நீர்க் குளியலறைகூட இருக்கிறது. பிரார்த்தனைக் கூடத்தில் கணவனுக்கு ஒரு பக்கம், மனைவிக்கு ஒரு பக்கம் தனித்தனிச் சிற்றறை. அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

வாசலுக்கு மேலே ராஜா குதிரையில் இருக்கிற சிலையை வைத்திருந்தாராம். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் உடைத்துவிட்டார்கள். கட்டியது இவர், வாசலில் நின்றது ராஜா! நார்மண்டிப் பகுதியை ஆங்கிலேயரிடமிருந்து மீட்கும் போருக்கு அந்த ராஜாவுக்குப் பெரும் பணம் கடன் கொடுத்தவர் இவர். அரண்மனைப் பிரபுக்களில் பலரும் இவரிடம் கடன்பட்டவர்கள். 1451 ஜூலையில் கைது செய்தார்கள். ராஜாவின் காதலி அக்னேஸ் சொரேலுக்கு விஷம் வைத்தார் என்று குற்றச்சாட்டு. அது நிற்கவில்லை. விடுவார்களா? வேறு குற்றங்களைச் சேர்த்து 1453-இல் தண்டித்து, சொத்தைப் பறித்தார்கள். கடன் வாங்கியவர்களுக்கே அதில் பங்கு போனது. சிறையிலிருந்து தப்பி ஓடியவர் 1456-இல் கியோஸ் என்ற கிரேக்கத் தீவில் செத்துப்போனார். அவ்வளவு பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டில் வாழக் கொடுத்து வைக்கவில்லை.

கணக்குத் தெரியாதவர் இல்லை, முரளி. பெரிய மனிதர் தோளில் கை போட்டுப் பேசினால் கணக்குக் கேட்கக் கூச்சம் வந்துவிடும்.

உன் பார்ட்னரை நான் ஒன்றும் சொல்லவில்லை. கடை திறப்பு விழா பேனரில் அவர் படம் பெரிதாக இருந்தது, உன் பெயர் கீழே ஒரு ஓரத்தில் இருந்தது. கண்ணில் பட்டது, அவ்வளவுதான். அம்மா வளையல் விஷயத்தையும் கேட்கவில்லை. மதுரைச் சித்தப்பா கதையை இழுத்தால் உனக்குக் கோபம் வரும். யாருக்குக் கொடுத்தாலும் எழுத்தில் வாங்கிக்கொள். பழகியவராக இருந்தாலும் எழுத்தில் வாங்கிக்கொள்.

அக்கா உனக்கு ஸ்வெட்டர் எடுக்கிறாள், அளவு அனுப்பு. மெலிந்துவிட்டாயோ என்று அம்மாவுக்குக் கவலை. பத்தாம் தேதி சென்னையில் இறங்குகிறோம். வேலை இருந்தால் ஏர்போர்ட்டுக்கு வர வேண்டாம், டாக்சி பிடித்துக்கொள்வோம். வருவதாக இருந்தால் அந்த அக்ரிமென்ட்டைக் கையோடு எடுத்து வா. நான் ஒரு தடவை படித்துப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா