ஒய்.பி.க்கு ஒரு பக்கம்

ஜார்ஜ்டவுன், பினாங்கு
ஞாயிறு, விடாத மழை

அன்புள்ள குணா,

தைப்பூசத்துக்கு வருகிறேன் என்று சொல்லி ஏமாற்றினாயே, அந்தக் கோபத்தில்தான் இத்தனை மாதம் எழுதவில்லை. கோபம் எப்போதோ தீர்ந்துவிட்டது, சோம்பல்தான் மிச்சம். வீட்டில் எல்லாரும் சுகம். சாந்தி உன்னை விசாரித்தாள். மாமரம் இந்த வருஷமும் பூத்ததோடு சரி.

சொல்ல வந்தது மச்சான் சிவாவைப் பற்றி. 52 வயசு, பதினைந்து வருஷமாய் இனிப்பு நீர். புதுச் சப்பாத்து கடித்து இடது கால் கட்டைவிரலில் ஒரு கொப்புளம். மஞ்சளைப் பூசிக்கொண்டு ஜொகூருக்கு லாரி ஓட்டிப் போய்விட்டான். திரும்பி வந்தபோது காலுறையைக் கழற்ற முடியவில்லை, தண்ணீர் ஊற்றி ஊற வைத்துப் பிய்த்தோம். அந்த நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

பதற்றத்தில் முதலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போனேன். கவுண்டரில் இருந்த பெண் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. கால்குலேட்டரை மெதுவாக என் பக்கம் திருப்பி வைத்தாள். 15,000 வெள்ளி. முன்பணம் மட்டும். சிவாவிடம் காப்புறுதியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. காடியைத் திருப்பினேன்.

அரசாங்க ஆஸ்பத்திரியைப் புகழ்ந்து பாடப் போகிறேன் என்று நினைக்காதே. வார்டில் கட்டில் இல்லாமல் இரண்டு ராத்திரி நடைபாதையில், தள்ளுகட்டிலில் கிடந்தான். நான் நர்ஸ் மிஸியிடம் கத்தினேன், பிறகு வெட்கப்பட்டேன். ராத்திரி இரண்டு மணிக்குப் பார்க்க வந்த டாக்டர் நம் பிள்ளை, சுங்கைப் பட்டாணிக்காரி. என் மகளைவிட இளையவள். நின்றபடியே பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு, "அங்கிள், விரலோடு முடிச்சிடலாம், காலைக் காப்பாத்திடலாம்" என்றாள். சொன்னபடியே செய்தார்கள். பதினொரு நாள். மூன்றாம் வகுப்பு வார்டு நாளுக்கு 3 வெள்ளி, ஆக 33. அந்தப் பதினொரு நாளும் காடி நிறுத்த நான் கொடுத்தது அதைவிட அதிகம் குணா!

அந்தப் பெண் ஒப்பந்த டாக்டர். 2016 கடைசியில் தொடங்கின முறை இது. 2021 ஜூலை 26-இல் நிரந்தர வேலை கேட்டுக் கறுப்புச் சட்டையோடு வெளியே வந்து நின்றார்களே, ஞாபகம் இருக்கிறதா? இவளுக்கும் சிங்கப்பூர் யோசனை இருக்கிறதாம். போகாதே என்று எந்த வாயால் சொல்வது?

இப்போது உன் கதைக்கு வருகிறேன். "அரசாங்க ஆஸ்பத்திரி இல்லாதவனுக்கு, நமக்குக் காப்புறுதிக் கார்டு இருக்கு" என்பாயே பெருசாய். சந்தா ஏறியதும் முதலில் அலறியது யார்? 2024 டிசம்பரில் மத்திய வங்கி பேங்க் நெகாரா தலையிட்டு, ஏற்றத்தைக் குறைந்தது 3 வருஷத்துக்குப் பரப்பச் சொன்னதால் கொஞ்சம் மூச்சு விட்டாய். பரப்பினாலும் ஏறினது ஏறினதுதான். எழுபது வயசில் கட்ட முடியாமல் கார்டைப் போட்டுவிட்டு, சிவா படுத்த அதே தள்ளுகட்டிலுக்குத்தான் நீயும் வருவாய், நானும் வருவேன். இல்லாதவன் மட்டும் போகிற இடம் என்று விட்டுவிட்டால் அங்கே நாற்காலி உடைந்தால்கூடக் கேட்க ஆள் இருக்காது. தோட்டத்து ஆஸ்பத்திரியை மறந்துவிட்டாயா? காய்ச்சலா, வயிற்றுப்போக்கா, எதற்கும் மருந்து கொடுக்கிற டிரெஸ்ஸர் ஐயாவின் அதே சிவப்புத் தண்ணி. துரை வீட்டுப் பிள்ளை அதைக் குடித்து நீ பார்த்திருக்கிறாயா?

அதனால்தான் கடிதம் எழுதினேன். உனக்கு அல்ல, ஒய்.பி.க்கு, அதாவது நம் தொகுதியின் மக்கள் பிரதிநிதிக்கு. சிரிக்காதே. முதலில் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்குக் கொண்டு போனேன். "அங்கிள், சுகாதாரம் மத்திய அரசாங்கம், எம்.பி.க்குத்தான் போகணும்" என்று அந்தப் பையன் திருப்பி அனுப்பினான். அவன் சொன்னது சரிதான். நம் வயசுக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். மூன்று பக்கம் எழுதியிருந்தேன், தோட்டத்தில் ஆரம்பித்து. மகள் வாங்கிப் படித்துவிட்டு, "அப்பா, ஒரு பக்கத்துக்கு மேல் யார் படிப்பார்கள்?" என்று டிரெஸ்ஸரை வெட்டிவிட்டாள். என் மலாயில் இருந்த பிழைகளைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

மிஞ்சியது சிவாவின் விரல், 33 வெள்ளி, இரண்டு ராத்திரி, பிறகு மூன்று கேள்வி. ஒப்பந்த டாக்டர்களுக்கு எப்போது நிரந்தர வேலை? கட்டில் எப்போது கூடும்? 2025 பட்ஜெட்டில் அறிவித்த ராக்கான் கே.கே.எம். என்ற சுகாதார அமைச்சின் திட்டம் வந்து, காசு கட்டுகிறவனுக்கு அதே ஆஸ்பத்திரியில் சீக்கிரம் கவனிப்பு என்றால், நடைபாதையில் கிடக்கிறவனின் முறை பின்னால் தள்ளிப் போகாது என்று யார் உத்தரவாதம்? அதில் வரும் பணத்தால் நிபுணர்களை அரசாங்கத்திலேயே நிறுத்தி வைக்கலாம் என்கிறார்கள். நடந்தால் சந்தோஷம். ஆனால் சபையில் எழுந்து ஒருவர் கேட்கட்டும், பதில் பதிவாகட்டும். 2023 ஜூனில் சுகாதார வெள்ளை அறிக்கையை நிறைவேற்றியவர்கள்தானே, 15 வருஷத் திட்டம் என்று.

கடிதத்தால் என்ன ஆகும் என்பாய். 2008 டிசம்பரில் தேசிய இருதய ஆஸ்பத்திரியான ஐ.ஜே.என்.னின் பெரும்பங்கை சைம் டார்பி கம்பெனி வாங்கப் பார்த்தபோது ஊரே கூச்சல் போட்டது, பேச்சு நின்றது. அப்போது நான் கூச்சல் போடவில்லை. பேப்பரைப் படித்துவிட்டு மடித்து வைத்தேன்.

நீயும் எழுது. என்னுடையதைப் பார்த்து எழுதாதே, பள்ளிக்கூடத்தில் அப்படிச் செய்து நாம் வாங்கியது போதும். கோலாலம்பூரில் உன் அம்மா கடைசி ஒரு வருஷம் எந்த ஆஸ்பத்திரியில் இருந்தார், யார் பார்த்தார்கள், அதை எழுது. இவ்வளவு நாள் நான் அதைக் கேட்டதில்லை, மன்னித்துக்கொள். ஒரே பக்கம். சைக்கிள் கதை மாதிரி இழுத்துவிடாதே.

ஒய்.பி. அலுவலகத்தில் கடிதத்தின் நகலில் சாப் அடித்துக் கொடுத்தார்கள். சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன். மூன்று வாரமாகிறது, பதில் இல்லை. இன்னொன்று போடுவேன்.

சிவா வாசலில் செருப்பைப் போட்டு நடந்து பழகுகிறான். எப்போது லாரி எடுக்கலாம் என்று தினமும் கேட்கிறான். போனது இடது கால் விரல், கிளட்ச் மிதிக்கிற கால்.

உன்
மணியம்