நீலக் கோப்பினைக் காப்பாற்றித் தந்த அக்காவுக்கு

இந்த வெள்ளத்தில் என்ன நடந்தது என்று திருகோணமலைக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. நீங்களும் அதே தண்ணீருக்குள்தான் நின்றீர்கள். மனம் ஆறிப்போவதற்குள் இதை எழுதிவிட நினைத்தேன்.

எங்கள் உதைபந்தாட்டக் கழக அறையில் பந்து, சப்பாத்து, வலை எல்லாம் போயிருந்தது. அதைத் தாங்கிக்கொண்டேன். பதிவுத் தாள்கள் இருந்த நீலக் கோப்பினைத் தூக்கியபோது அதிலிருந்து தண்ணீர் ஒழுகியதே, அப்போதுதான் அழுதுவிட்டேன். 27 பொடியன்களின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிகள், படங்கள், பெற்றோர் கையெழுத்திட்ட படிவங்கள். அவை இல்லாமல் 16 வயதுக்குட்பட்டோர் சுற்றுப்போட்டியில் ஒருவனும் இறங்க முடியாது. பதிவு முடிய நாலே நாள்.

எங்கள் தெருமுனையில் உடுப்பு மினுக்கும் அக்காவின் வீட்டிலும் முழங்கால் மட்டும் தண்ணீர் நின்றிருந்தது. என்னைக் கண்டு, "எறிஞ்சிடாதீங்க தம்பி, வச்சிட்டுப் போங்க" என்றார். கரண்ட் இல்லை. பரணில் கிடந்த பழைய ஸ்திரிக்கைப்பெட்டியை இறக்கி, சிரட்டைக்கரி போட்டு ஊதினார். ஒட்டிக்கிடந்த தாள்களை ஈர்க்கு நுழைத்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். கீழே பழைய பத்திரிகை, மேலே மெல்லிய வேட்டித் துண்டு, அதன்மேல் பெட்டி பட்டும் படாமலும் போனது. படங்களுக்கு மட்டும் சூடு காட்டவில்லை. கழற்றிச் சுளகில் பரப்பி நிழலில் வைத்தார். இரண்டு இரவு குப்பிவிளக்கு வெளிச்சத்தில் இதே வேலை. சொந்த வீட்டுச் சேறு அப்படியே கிடந்தது.

கோப்பின் உள் அட்டையில் 2018இல் நான் ஒட்டிய பத்திரிகைத் துண்டு ஒன்று உண்டு. அதையும் காய வைத்துவிட்டு, "இந்த ஐயா யாரு தம்பி, உங்கட சொந்தமா?" என்று கேட்டார்.

பீட்டர் வேலப்பன் என்றேன். மலேசியாவில் நெகிரி செம்பிலான் மாநிலத்துச் சிலியாவ் என்ற சின்ன ஊரில் 1935இல் பிறந்தவர். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசிய உதைபந்தாட்ட அணியின் துணைப் பயிற்றுநர். 1978இலிருந்து 2007 வரை, 29 வருடம், ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் பொதுச் செயலாளர். அவர் பொறுப்பேற்ற வருடம் உலகக் கிண்ணத்துக்கு ஆசியாவிலிருந்து போனது ஈரான் மட்டும். 2006இல் நாலு அணிகள் போயின. 2002இல் கொரியாவும் ஜப்பானும் சேர்ந்து நடத்திய உலகக் கிண்ணத்தில் ஃபிஃபாவின் ஒருங்கிணைப்பாளராகவும் இருந்தார். 2018 ஒக்டோபரில் காலமானார்.

"அவர் கோல் அடிச்சவரா?"

"இல்லை அக்கா. கடிதம், அட்டவணை, நடுவர், பயிற்சி வகுப்பு, இப்படிப் பேப்பர் வேலைதான் கூட."

"அப்ப உங்கட வேலைதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த தாளை எடுத்தார். பத்து வருடமாகச் செயலாளராக இருக்கிறேன். என் வேலையை யாரும் இவ்வளவு மதித்துச் சொன்னதில்லை. அவருக்கோ பந்து விளையாட்டில் ஒரு விதியும் தெரியாது.

27 பேரின் தாள்களும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஒரு முத்திரை மட்டும் கொஞ்சம் கலங்கியிருந்தது, ஏற்றுக்கொண்டார்கள். காசு கொடுத்தேன், வாங்கவில்லை.

அப்புறம், பந்து அனுப்பிய கிண்ணியா, மூதூர்க் கழகங்களுக்கும், கிழிந்த கோல் வலையை ஒரே பகலில் பொத்தித் தந்த மீனவ அண்ணாமாருக்கும், ஏகாம்பரம் மைதானத்தில் எங்களோடு குப்பை அள்ளிய பழைய மாணவர்களுக்கும், கோவிலிலும் பள்ளிவாசலிலும் சோறு போட்டவர்களுக்கும், வெளிநாட்டிலிருந்து உதவிய உறவுகளுக்கும் நன்றி. பெயர் எழுதப் போனால் யாரையாவது விட்டுவிடுவேன்.

இனி எங்கள் பதிவுகள் இரண்டு பிரதிகளாக, இரண்டு வீடுகளில், பொலித்தீன் உறையில் இருக்கும். நான் இருக்கும்வரை ஒரு பொடியனும் பேப்பர் இல்லை என்று கோட்டுக்கு வெளியே நிற்க மாட்டான்.

அக்கா, முதல் ஆட்டம் சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு. கடையைக் கொஞ்சம் பூட்டிவிட்டு வாங்க. பதிவு மேசையில் என் பக்கத்துக் கதிரை உங்களுக்கு.