அரைப் பேர்

மஸ்கெலியா
லெந்து காலம், மூன்றாம் வாரம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். போன் எடுத்துப் பேசினால் முடிந்தது, எதற்குக் கடிதம் என்று அம்மா கேட்டாள். போனில் நான் "சாப்பிட்டியா, அங்க மழையா" என்று இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு அவள் கையில் கொடுத்துவிடுவேன், உனக்கே தெரியும். இது அப்படிக் கொடுத்துவிடக்கூடிய விசயம் இல்லை.

இங்கே மழை கிடையாது. மவுசாக்கலையில் தண்ணீர் நன்றாக இறங்கிவிட்டது. அணை கட்டியபோது மூழ்கிய பழைய டவுனின் கோயில் சுவர் வெளியே தெரிகிறது என்று பிள்ளைகள் சைக்கிளில் பார்க்கப் போகிறார்கள். ராத்திரியில் சிவனொளிபாத மலைப் படி லைட் வரிசையாகத் தெரிகிறது. தேயிலைக் கொழுந்து இல்லை, மலையெல்லாம் வெயிலில் காய்ந்து கிடக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான்.

நீ அம்மாவிடம் சொன்னதை அவள் இரண்டு நாள் மனதுக்குள் வைத்திருந்து மூன்றாம் நாள்தான் என்னிடம் சொன்னாள். நீ வேலை செய்யும் கடையில் தேதி முடிந்த பால்மா பெட்டிகளுக்குப் புது ஸ்டிக்கர் ஒட்டச் சொல்கிறார்கள், நீயும் ஒட்டுகிறாய், அந்த வெட்கத்தில் எட்டு மாதமாகச் சர்ச்சுப் பக்கம் போகவில்லை. ஊரில் வாலிபர் சங்கச் செயலாளராக இருந்தவள், திடப்படுத்தலில் பிசப் கேட்டபோது ஒன்று தீமோத்தேயு நாலு பன்னிரண்டைத் தடங்கலில்லாமல் சொன்னவள், அந்தக் கையோடு எப்படி நற்கருணை வாங்குவது என்று கேட்டாயாம்.

அந்த வசனத்தைப் பற்றி முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துவிடும். "நீ வார்த்தையிலும், நடக்கையிலும், அன்பிலும், ஆவியிலும், விசுவாசத்திலும், கற்பிலும், விசுவாசிகளுக்கு மாதிரியாயிரு." இதில் ஆறு இருக்கிறது. வாலிபர் கூட்டத்துக்கு வருகிற பிரசங்கிமார் ஐந்தையும் ஓடிக் கடந்துவிட்டு ஆறாவதில் வந்து உட்கார்ந்துகொள்வார்கள், அதுவும் பெண்பிள்ளைகள் பக்கம் திரும்பி. நடக்கை என்ற இரண்டாவதில் யாரும் நின்று நான் பார்த்ததில்லை. கடை, பில், தராசு, ஸ்டிக்கர் எல்லாம் அதற்குள்தான் வரும். அதை யாரும் சொல்லித் தராமலே நீ கண்டுபிடித்து வெட்கப்பட்டிருக்கிறாய். அந்த வெட்கம் வருகிறதே என்று எனக்கு ஒரு பக்கம் நிம்மதிதான், கோபித்துக்கொள்ளாதே.

இனி என் கதை. உன் அண்ணனுக்கும் இது தெரியாது.

1991-ல் எனக்கு 21 வயது. கணக்கப்பிள்ளைக்கு உதவியாக, கொழுந்து நிறுக்கிற இடத்தில் என்னைப் போட்டார்கள். வெயிலில் நிற்க வேண்டாம், கையில் பேனா, சட்டைப் பையில் துண்டுப் புத்தகம். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அது பெரிய காரியம். காலை, மத்தியானம், பின்நேரம் என்று மூன்று தடவை நிறுவை. ஒரு நிறுவைக்கு இரண்டு கிலோ கழிக்க வேண்டும் என்று மேலே இருந்து சொல்லியிருந்தார்கள். கூடைக்கும் ஈரத்துக்கும் என்று கணக்கு. கூடைக்கு ஓரளவு கழிப்பது நியாயம்தான். ஆனால் வெயில் நாளிலும் ஈரத்துக்கு இரண்டு கிலோ என்றால்? ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு ஆறு கிலோ. அதை என் கையால் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை அதே கையால் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்கு, அஞ்சப்பம் இரண்டு மீன் படம் வரைந்து காட்டினேன்.

அந்த வரிசையில் உன் அப்பாயியும் கூடையோடு வந்து நிற்பாள்.

முதல் நாள் நான் கழிக்காமல் எழுதிவிடுவேன் என்று நினைத்தாயா? இல்லை. மற்றப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அம்மாவுக்கு மட்டும் விட்டால் பேச்சு வரும். அதனால் அவளுக்கும் இரண்டு. சீசன் இல்லாத ஒரு நாள், அந்தக் கழிவினால் அவளுக்கு அன்றைய கணக்குக் கிலோ வராமல் போனது. அரைப் பேர் போட்டேன். பெற்ற தாய்க்கு அரைப் பேர், அரை நாள் கூலி. "எத்தனை தம்பி?" என்று கேட்டாள். சொன்னேன். "சரி" என்றாள். கூடையைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு நடந்தாள். அவ்வளவுதான். ராத்திரி ரொட்டியும் சம்பலும் எனக்கு முதலில்தான் வைத்தாள்.

அந்த வாரமே யாக்கோபு நிருபத்தில் ஒரு வசனம் கண்ணில் பட்டது. தேடிப் போய் வாசிக்கவில்லை, பாடம் தயார்பண்ணும்போது பக்கம் திரும்பிவிட்டது. "உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டதினால், அது கூக்குரலிடுகிறது." கூலிக்காரன் மட்டும் கத்துகிறான் என்று இல்லை, கூலியே கத்துகிறதாம். வேதத்தை மூடி வைத்தேன். மூடினவன் இரண்டு வருசம் திறக்கவில்லை. சர்ச்சில் கேட்டவர்களிடம் ஞாயிறும் வேலை என்றேன். கொழுந்து சீசன் இரண்டு வருசமா நீடிக்கும்? யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

உன்னுடையது எட்டு மாதம்.

பிறகு என்ன நடந்தது என்றால், பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. தரிசனம் இல்லை, எழுப்புதல் கூட்டம் இல்லை. உன் அம்மாவை எனக்குப் பேசி முடித்தார்கள். கல்யாண அறிவிப்பு வாசிக்க வேண்டும் என்று சர்ச் ஐயரிடம் போனேன். ஒழுங்காக வராத ஆளுக்கு அறிவிப்பா, சந்தாப் பாக்கி எவ்வளவு தெரியுமா என்று கேட்பார் என நினைத்துக் கடன் வாங்கின காசைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். அவர் சந்தாப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பாக்கி ஒன்றும் இல்லையே" என்றார். என் பெயருக்கு நேரே இருபத்துநாலு மாதமும் டிக் போட்டிருந்தது. உன் அப்பாயி கட்டியிருக்கிறாள், மாதாமாதம், நான் கழித்துவிட்ட சம்பளத்தில் இருந்து.

நான் அவளுக்கு அரைப் பேர் போட்டேன். அவள் என் பேரை முழுதாக வைத்திருந்தாள். இதை அவளிடம் கேட்டதும் இல்லை, அவள் சொன்னதும் இல்லை. 2009-ல் அவளை அடக்கம் பண்ணும்போது சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றியது. அப்போது சொல்லி என்ன?

அதற்குப் பிறகு நான் நேராக நிறுத்தேன். மூன்று வாரம். நாலாம் வாரம் என்னைத் தராசிலிருந்து எடுத்து ஸ்டோருக்கு, தேயிலைத் தொழிற்சாலைக்கு, அனுப்பிவிட்டார்கள். ரிட்டயர் ஆகும்வரை வாட்டுகிற தட்டில் கொழுந்து பரப்பினேன். கணக்கப்பிள்ளை ஆகாமல் போனதை உன் அம்மா இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள், காரணம் தெரிந்தும். இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. எனக்குப் பிறகு தராசுக்கு வந்தவனும் இரண்டு கிலோ கழித்தான். நான் விட்டதால் எந்தப் பெண்ணுக்கும் ஒரு கிலோ கூடவில்லை. நீ ஸ்டிக்கர் ஒட்ட மாட்டேன் என்றால் கடை திருந்தும் என்று நான் எழுதினால் அது பொய்.

மாற்கு ஞாபகம் இருக்கிறதா? நீ சிறுபிள்ளைகளுக்கு நாடகம் போட்டாயே, அந்த மாற்கு. பவுலோடும் பர்னபாவோடும் புறப்பட்டவன், பெர்கே பட்டணத்தில் அவர்களை விட்டுவிட்டு எருசலேமுக்குத் திரும்பிப் போய்விட்டான். ஏன் என்று வேதத்தில் ஒரு வரி இல்லை. பயமோ காய்ச்சலோ வீட்டு ஞாபகமோ, அந்தப் பையனுக்கு மட்டும் தெரியும். அடுத்த பிரயாணத்தில் அவனைச் சேர்ப்பதா என்பதில் இரண்டு பெரியவர்களும் கோபித்துக்கொண்டு ஆளுக்கொரு திசையில் பிரிந்தே போனார்கள். பவுல் சேர்க்கவே மாட்டேன் என்றார். பர்னபா அவனைக் கூட்டிக்கொண்டு சீப்புருவுக்குக் கப்பல் ஏறினார். பல வருசம் கழித்து அதே பவுல் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார்: "மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்." எனக்கு இந்த ஒரு வரி போதும். உண்மையாக இருப்பது என்றால் ஒரு நாளும் வழியில் திரும்பாமல் இருப்பது என்று வாலிபர் கூட்டத்தில் நமக்கு எப்படியோ மனதில் பதிந்துவிட்டது. பெர்கேயில் இருந்து திரும்பினவன் பெயரில்தான் நம்மிடம் ஒரு சுவிசேஷமே இருக்கிறது.

பர்னபா மாதிரி ஒரு ஆள் வேண்டும் என்பதும் உண்மைதான். எனக்கு உன் அப்பாயி இருந்தாள்.

அவளுக்கு நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். 1964-ல் இலங்கையும் இந்தியாவும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு உன் தாத்தா இந்தியாவுக்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பாஸ்போர்ட்டும் வந்தது. அப்பாயியின் தம்பி குடும்பம் ஹட்டனில் ரயில் கோச்சி ஏறித் தலைமன்னார் போய்க் கப்பலில் அக்கரை சேர்ந்தது. நம் குடும்பம் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்துக்கொண்டே இருந்தது. 1984-ல் கப்பலே நின்றுபோனது. அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. 2003-ல் சட்டம் வந்த பிறகுதான் அவளுக்கும் எனக்கும் இந்த நாடு நம் நாடு என்று கடதாசி கிடைத்தது. 1948-ல் பறித்த குடியுரிமையைத் திருப்பிக் கொடுக்க 55 வருசம்.

நீங்கள் எல்லாரும் வாட்ஸ்அப்பில் எரேமியா இருபத்தொன்பது பதினொன்றைப் போடுகிறீர்கள், சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்று, பின்னால் சூரியன் உதிக்கிற படத்தோடு. நல்ல வசனம். அதற்கு முந்தின வசனத்தை யாரும் போடுவதில்லை. எழுபது வருசம் ஆகும் என்று அதில் இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோன ஆட்களுக்கு எரேமியா எழுதின கடிதம் அது. அதுவரைக்கும் என்ன செய்ய? "வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிட்டு" இருங்கள் என்கிறார். அப்பாயிக்கு வாசிக்கத் தெரியாது, நான்தான் வாசிப்பேன். இந்த இடம் வந்தால் சிரிப்பாள். "தோட்டத்த நாம நாட்டிட்டோம், கனியத்தான் வேற ஆளு தின்னுட்டான்" என்பாள். சிரித்துவிட்டு லயத்துக்குப் பின்னால் போய் லீக்சுக்குத் தண்ணீர் ஊற்றுவாள். தன் பெயரில் ஒரு அடி நிலம் இல்லாதவள்.

புலம்பலில் இரண்டு வசனம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது, பார். கர்த்தருடைய இரட்சிப்புக்கு நம்பிக்கையோடு காத்திருக்கிறது நல்லது. அடுத்தது, தன் இளம்பிராயத்தில் நுகத்தைச் சுமக்கிறது மனுஷனுக்கு நல்லது. உன் வயதில் எனக்கு இரண்டாவது கசந்தது, முதலாவது கதை மாதிரி இருந்தது. (தேயிலையைக் கவ்வாத்து வெட்டுவதைப் பற்றி ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பாய். கொழும்பிலிருந்து வருகிற ஒவ்வொரு பிரசங்கியாரும் அதைத்தான் சொல்கிறார், கவ்வாத்துக் கத்தியைக் கையால் தொட்டிருக்க மாட்டார். நான் சொல்லவில்லை.)

சரி, உன் சந்தா. அப்பாயி மாதிரி நானும் கட்டிவிடலாம் என்று போன ஞாயிறு காசோடு போனேன். புத்தகத்தில் உன் பெயருக்கு நேரே எல்லா மாதமும் டிக். திரும்பி உன் அம்மாவைப் பார்த்தேன். அவள் பாட்டுப் புத்தகத்தில் ஏதோ தேடிக்கொண்டிருந்தாள், பாட்டு முடிந்து ஜெபம் ஆரம்பித்த பிறகும்.

கடையை விடு என்று நான் சொல்லமாட்டேன். விடாதே என்றும் சொல்லமாட்டேன். அங்கே நிற்பது நீ, வாடகை கட்டுவதும் நீ. ஆனால் ஒரு பாரம் உன் தலையில் இருக்கிறது, அதை வைத்தது நான். கூரைத் தகரம் மாற்ற வேண்டும் என்று போன வருசம் சொன்னேனே, அதற்குத்தான் நீ அட்வான்ஸ் வாங்கி, அந்த அட்வான்சுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டு ஒட்டினாய் என்பது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. நீ அனுப்பின காசில் ஒரு ரூபாயும் எடுக்கவில்லை, தகரம் விலை இறங்கட்டும் என்று வங்கியில் போட்டு வைத்திருந்தேன். பக்கத்து லயத்துப் பையன் வெள்ளிக்கிழமை கொழும்புக்கு வருகிறான். முழுக் காசையும், அரைக் கிலோ தேயிலைத் தூளும் அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன். எண்ணிப் பார்த்து வாங்கு. அட்வான்சைக் கட்டிவிட்டு, பிறகு எதையும் யோசி.

கூரை ஒழுகுவது இரண்டு இடத்தில்தான். அதற்கு இரண்டு வாளி இருக்கிறது.

அப்பா