சால்வைக்கு நன்றி, தியாகிப் பட்டம் வேண்டாம்

எங்களுக்காக அலைந்த எல்லாருக்கும் இடிந்தகரையிலிருந்து வணக்கம்.

கூடங்குளம் அணு உலைக்கு எதிராகப் போராடியதற்காக எங்கள் மேல் போட்ட வழக்கு ஒருவழியாக முடிந்தது. போன ஞாயிறு கூட்டத்தில் சால்வை போட்டபோது எனக்குப் பேச நாக்கு எழவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதல் நன்றி ஜாமீன் கையெழுத்துப் போட்ட அண்ணன்மாருக்கு. வீட்டு வரி ரசீதை நம்பிக் கொடுப்பது லேசான காரியமா? அதில் இரண்டு பேரை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. வாய்தாவுக்கு வாய்தா காசு வாங்காமல் வந்து நின்ற வக்கீல் அம்மாவுக்கும், தேதி மாறினால் முந்தின ராத்திரியே போன் போட்டு எங்கள் பஸ் காசை மிச்சம் பண்ணிய குமாஸ்தாவுக்கும் நன்றி. லூர்து மாதா கோயில் பந்தலில் பீடி சுற்றியபடி உட்கார்ந்திருந்த அக்காமாரே, நான் கோர்ட்டுக்குப் போன நாளெல்லாம் என் சின்னவளுக்குச் சோறு போட்டது நீங்கள்தான்.

2013 மே மாதம் கூடங்குளம் அணு உலைக்கு அனுமதி தந்த உச்ச நீதிமன்றம், போராடியவர்கள் மீதான வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுக்கவும் சொன்னது. பல வழக்குகள் போயின. எங்களுடையது எப்படியோ தங்கிவிட்டது.

அப்புறம், மேடையில் எங்களைத் தியாகிகள் என்றீர்கள். பிரியத்தில் சொன்னதுதான். ஆனால் இதே போராட்டத்தில், 2012 செப்டம்பர் 10 அன்று மணப்பாட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவர் செத்தார். அவர் வீட்டு வாசலில் நின்று என்னைத் தியாகி என்று சொல்ல முடியுமா? ஒரு தம்பி வ.உ.சி.யை இழுத்தார். 1908இல் திருநெல்வேலியில் அவருக்குத் தண்டனை வாங்கித் தந்த 124ஏ என்ற தேசத்துரோகப் பிரிவைத்தான் எங்கள் மேலும் போட்டார்கள், உண்மை. அவர் செக்கிழுத்தார். நான் கோர்ட்டு வராந்தாவில் புளிச்சோறு தின்றேன்.

இன்னொன்றும் உண்டு. குற்றம் செய்யவில்லை, கேள்விதான் கேட்டோம் என்றுதான் கடைசிவரை வாதாடினோம். தியாகி என்றால் ஜெயிலைத் தேடிப் போனவள் மாதிரி ஆகிறது. எனக்கு ஜெயில் வேண்டியிருக்கவில்லை. கடல் வேண்டும், வழக்கில் பெயர் இருந்ததால் மகனுக்குக் கிடைக்காமல் போன பாஸ்போர்ட் வேண்டும். அன்றைக்குத் தேசத்துரோகி, இன்றைக்குத் தியாகி. நடுவில் வாய்தாவுக்கு அலைந்த ஆளைப் பார்த்தது நீங்கள்தான்.

ஜாமீன் கொடுத்தவர்களின் ரசீதுகள் எல்லாம் திரும்ப வந்துவிட்டன, என்னிடம்தான் இருக்கின்றன. வந்து வாங்கிக்கொள்ளுங்கள். மத்தியானமாக வாருங்கள், மீன் குழம்பு வைத்திருப்பேன்.