விஜிக்கு, கயலோட பேப்பர் கதை

அன்புள்ள விஜி,

எப்படிடி இருக்கே? மாமாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதா? நீ பாட்டுக்கு வாய்ஸ் மெசேஜா போட்டுத் தள்றே, எனக்கு அதுல பேசவே வராது, நாலு வார்த்தை பேசுறதுக்குள்ள குக்கர் விசில் அடிச்சுரும், அதான் உக்காந்து எழுதுறேன்.

கயல் விஷயம்தான். அடுத்த செமஸ்டர ஃபிரான்ஸ்ல படிக்க அப்ளை பண்றா, துலூஸ்ல, அதான் ஏர்பஸ் விமானம் செய்யுற ஊரு. இவ காலேஜுக்கும் அங்க ஒரு இன்ஜினியரிங் ஸ்கூலுக்கும் ஒப்பந்தம் இருக்கு, அதனால ஃபீஸ் இங்கயே கட்டுனா போதும், அங்க தனியா கிடையாது. காலேஜ்ல இருந்து நாமினேட் பண்ணிட்டாங்க, இப்ப டாகுமெண்ட் ரெடி பண்ற படலம். சாப்பிடற டேபிள் முழுக்க ஜெராக்ஸ் காப்பிங்கதான், எங்க வீட்டுக்காரரு தட்ட மடில வச்சுட்டு சாப்பிடறாரு.

முதல் பஞ்சாயத்தே பேருல. மார்க்‌ஷீட்ல கயல்விழி எஸ், ஆதார்ல எஸ் கயல்விழி, பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டத்துல அவங்க அப்பா பேரு செந்தில்குமார்னு முழுசா இருக்கு. ஃபிரெஞ்சுக்காரனுக்கு இனிஷியல்னா என்னன்னே தெரியாது, குடும்பப் பேரு போடாம அந்த ஃபார்ம் அடுத்த பக்கத்துக்கே நகராது. கடைசில எல்லாத்துலயும் பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே போட்டுட்டு, இந்த மூணு விதமா இருக்கற பேரும் ஒரே ஆளோடதுதான்னு காலேஜ் லெட்டர்ஹெட்ல ஒரு கடிதம் சீல் வச்சு வாங்கிட்டோம். இப்ப அங்கேருந்து வர்ற மெயில்லாம் "மேடம் செந்தில்குமார்"னு வருது, அப்பாவுக்கு ஒரே பெருமை.

எல்லாரும் எஸ்ஓபி எஸ்ஓபினு, அதான் ஏன் அங்க படிக்கணும்னு எழுதுற மோட்டிவேஷன் லெட்டருக்கு, குதிக்கறாங்களே, என்னக் கேட்டா லேர்னிங் அக்ரிமெண்ட்தான்டி உண்மையான தலைவலி. இங்க எந்தப் பாடத்துக்கு பதிலா அங்க எந்தப் பாடம்னு ஒண்ணுக்கு ஒண்ணு எழுதி, இவளும் இவ காலேஜும் அந்தக் காலேஜும் மூணு பேரும் கையெழுத்துப் போடணும். அங்க ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட், இங்க ஏறக்குறைய 20தான் வரும், நான் முதல்ல ஐயோ அவ்ளோ ஜாஸ்தியா படிக்கணுமான்னு பயந்துட்டேன். கயல்தான் சொன்னா, இங்க வாரத்துக்கு ஒரு மணி நேரம் கிளாஸ்னா ஒரு கிரெடிட், அங்க வீட்ல உக்காந்து படிக்கறதையும் சேத்து 25லேருந்து 30 மணி நேர உழைப்ப ஒரு கிரெடிட்டுன்னு எண்ணுவாங்களாம், அப்ப கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஹீட் டிரான்ஸ்ஃபர், ரியாக்‌ஷன் இன்ஜினியரிங்லாம் ஈசியா ஜோடி சேந்துருச்சு. பேரப் பாத்து சேத்தா ஹெச்ஓடி ஒத்துக்க மாட்டாரு, சிலபஸ் பக்கத்தை பிரிண்ட் எடுத்து யூனிட் யூனிட்டா பென்சில்ல டிக் அடிச்சுட்டுப் போனாதான் கையெழுத்து. ஒரே ஒரு பாடத்துக்கு மட்டும் ஜோடி சிக்கல, அத அடுத்த செமஸ்டர்ல சேத்து எழுதிக்கலாம்னு சொல்லிட்டாங்க.

இன்னொண்ணு, மார்க்கு. அங்க 20க்குத்தான் மார்க், 10 எடுத்தா பாஸ், 14 எடுத்தாலே நல்ல மாணவன்னு சொல்லிருவாங்க, 16லாம் ரொம்பப் பெருசு. இத அப்படியே நூத்துக்கு மாத்துனா 14ங்கறது 70 ஆயிரும், இவ இங்க வச்சிருக்கற சிஜிபிஏ சரிஞ்சுரும், பிளேஸ்மெண்ட்ல எவன் உக்காந்து இந்தக் கதையெல்லாம் கேப்பான்? அதனால அவங்க மார்க்க இங்க எப்படி மாத்துவீங்கன்னு ஒரு டேபிள் போட்டு, கெளம்பறதுக்கு முன்னாடியே எழுத்துல குடுங்கன்னு கேக்கச் சொல்லிருக்கேன். வாயால சொல்றதெல்லாம் அந்த சீட்ல வேற ஆள் வந்து உக்காந்தா காத்தோட போயிரும்.

மோட்டிவேஷன் லெட்டர் இருக்கே, முதல்ல எழுதினதப் படிச்சுட்டு எனக்கு சிரிப்பு தாங்கல. சின்ன வயசுலேருந்தே கெமிக்கல் இன்ஜினியரிங் மேல தீராத காதலாம்! சின்ன வயசுல அவளுக்கு இருந்த ஒரே காதல் ஜவ்வு மிட்டாய். நிஜமாவே எதுக்குடி துலூஸ்னு கேட்டேன். கொஞ்ச நேரம் முழிச்சா, அப்புறம் மெதுவா திருப்பூர் மாமா கதைய எடுத்தா. உனக்கு ஞாபகம் இருக்கும், 2011 ஜனவரில ஹைகோர்ட்டு சாயப்பட்டறைய எல்லாம் மூடச் சொல்லிச்சு, நொய்யல் ஆத்துல சாயத்தண்ணி ஓடுதுன்னு. எங்க அண்ணன் அப்ப ஒரு பட்டறைல சூப்பர்வைசரு, மாசக்கணக்கா வீட்ல உக்காந்திருந்தாரு, இப்ப சாயத்தண்ணிய சுத்தம் பண்ற பொது சுத்திகரிப்பு நிலையத்துல ஆர்ஓ பிளாண்ட் பாத்துக்கறாரு. இவ போன லீவுல அங்க போயி, அந்த மெம்பிரேன, அதான் தண்ணிய வடிகட்டுற சவ்வ, எதுக்கு அடிக்கடி கழுவறாங்க, கடைசில தேங்குற உப்ப என்ன பண்றாங்கன்னு அண்ணன் உசுர வாங்கிருக்கா. துலூஸ் மெம்பிரேன் ஆராய்ச்சிக்கு பேரு போன ஊரு, அந்த ஸ்கூல்ல அதுக்குன்னே ஒரு பாடம் இருக்கு. அட, இத எழுத வேண்டியதுதானே! நம்ம பிள்ளைங்க கிட்ட யாரு போயி உனக்கு எது வேணும் ஏன் வேணும்னு கேக்கறாங்க, பன்னெண்டாவது மார்க் வந்ததும் கட் ஆஃப் எவ்ளோன்னுதான் கேப்போம், அதான் திடீர்னு ஒருத்தன் கேட்டதும் நெட்ல தேடுதுங்க. இப்ப எழுதிருக்கறது ஒரே பக்கம், அதுல அந்த உப்பும் வருது, அவளும் வர்றா.

மத்ததெல்லாம் ஓடிரும். விசாவுக்கு கையில பணம் இருக்குன்னு மாசம் 615 யூரோ கணக்குல அஞ்சு மாசத்துக்கு காட்டணும், யூரோ நூறு ரூபாய்னு வச்சாலே மூணு லட்சத்துக்கு மேல போகுது, இவரு எஃப்டிய உடைக்கறதா வேணாமான்னு இன்னும் யோசிச்சுட்டே இருக்காரு. விசாவுக்கு முன்னாடி கேம்பஸ் ஃபிரான்ஸ்னு ஃபிரெஞ்சு அரசாங்கத்தோட ஆபீஸ்ல ஒரு இண்டர்வியூ, அதுக்கு சென்னை போகணும். கிளாஸ் இங்கிலீஷ்லதான், இருந்தாலும் டெல்ஃப்னு இருக்கற ஃபிரெஞ்சு பரீட்சைய எழுதுடின்னேன், அந்த சர்டிபிகேட்டுக்கு எக்ஸ்பைரியே கிடையாது, இங்கிலீஷுக்கு எழுதுற ஐஈஎல்டிஎஸ் மாதிரி ரெண்டு வருஷத்துல செத்துப் போகாது.

இப்ப உன்கிட்ட ஒரு வேலை. அங்க போனதும் ஹெல்த் இன்ஷூரன்ஸ்ல பதியறதுக்கு பிறப்புச் சான்றிதழ் கேப்பாங்களாம், அப்பா அம்மா பேரோட, ஃபிரெஞ்சுல மொழிபெயர்த்து. சும்மா தெரிஞ்சவங்க பண்ணுனா செல்லாது, அங்கீகாரம் இருக்கற ஆளு பண்ணணும். உங்க பாண்டிலதான் ஃபிரெஞ்சு கான்சலேட்டே இருக்கே, ஃபிரெஞ்சு பட்டாளத்துல இருந்த கீழ் வீட்டு சொல்தா தாத்தா பென்ஷன் பேப்பருக்கு யார்கிட்ட போவாருன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்றியா? ஒரு பக்கத்துக்கு எவ்ளோ வாங்குறாங்கன்னும் கேளு. அபோஸ்டில், அதான் வெளிநாட்டுல செல்லறதுக்கு நம்ம அரசாங்கம் வைக்கற முத்திரை, அத வாங்கின பிறகு மொழிபெயர்க்கணுமா முன்னாடியான்னும் அந்த மொழிபெயர்க்கற ஆள்கிட்டயே கேட்டுரு, இங்க ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

அப்படியே உன் பையனோட பிறப்புச் சான்றிதழையும் எடுத்துப் பாருடி. நம்ம பக்கம் ஆஸ்பத்திரில பேரு வைக்காமலே பதிஞ்சு, பேரு கட்டம் காலியாவே கெடக்கும். 15 வருஷத்துக்குள்ள சேத்தாதான் உண்டுன்னு ரூலு, அவனுக்கு இப்ப பதினாலு நடக்குது. கயலுக்கு ஸ்கூல் சேக்கும்போதே இவரு அலைஞ்சு சேத்துட்டாரு.

மாமாவ சொட்டு மருந்த நேரத்துக்குப் போடச் சொல்லு. அப்ளிகேஷனுக்கு கடைசி தேதி மே 15, அதுக்கப்புறம் நானும் கயலும் பாண்டிக்கு வர்றோம், மொட்டை மாடில பாய் போட்டுரு.

உன்
உமா