ஃபார்கோ விமர்சனமும் இரண்டு வரித் திருத்தமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கோயன் சகோதரர்கள் 1996இல் எடுத்த ‘ஃபார்கோ’ திரைப்படத்தைப் பற்றிச் சென்ற இதழில் எழுதிய உங்கள் விமர்சகர், “உண்மையில் நடந்த கதை என்பதால் இதன் ரத்தக்களரியைப் பொறுத்துக்கொண்டே ஆக வேண்டும்” என்று தீர்ப்பு வழங்கியிருக்கிறார். 1987இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் நடந்ததாகப் படம் தொடங்கும்போது எழுத்துப் போடுகிறார்கள் என்பது சரியே. ஆனால் எல்லாம் கற்பனை என்ற வழக்கமான அறிவிப்பு அதே படத்தின் இறுதிப் பெயர்ப்பட்டியலில் வருகிறது. பாதியில் எழுந்து போகிறவர்கள் அதைப் பார்த்திருக்க முடியாதுதான். முகத்தில் சலனமே இல்லாமல் பொய் சொல்வது அந்தப் படத்தின் முதல் நகைச்சுவை என்பது தாங்கள் அறியாததல்ல.

தலைப்பை நம்பிக் கொலைகளையும் அவர் ஃபார்கோ நகரத்திலேயே நடத்தி முடித்துவிட்டார். அந்த ஊர் வருவது ஆட்கடத்தலுக்குப் பேரம் பேசும் முதல் காட்சியில் மட்டுமே. நெடுஞ்சாலையில் மூவர் சாவது பிரெய்னர்டு என்ற சிற்றூரை அடுத்து.

இவற்றையெல்லாம்கூட மறந்துவிடலாம். “சிறுநகரத்துப் போலீசின் அசட்டுத்தனம் வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கிறது” என்ற வரியைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. காவல் நிலைய எழுத்தராக 26 ஆண்டுகள் சிறிய ஊர்களிலேயே பணியாற்றியவன் நான். ஒரு சாட்சி சொன்ன வண்டி எண்ணில் ஓர் எழுத்தை நான் தவறாகக் குறித்துவிட்டதால், சம்பந்தமே இல்லாத ஒருவருடைய வண்டியைத் தேடி மூன்று வாரம் அலைந்திருக்கிறோம். எனவே, ‘டிஎல்ஆர்’ என்று தொடங்கும் எண்ணைத் தேடச் சொன்ன உதவியாளரிடம், அது எண் அல்ல, ‘டீலர்’ என்பதன் சுருக்கம், வாகன விற்பனையாளரின் பலகை என்று படத்தின் நாயகியான கர்ப்பிணிக் காவல் அதிகாரி மார்ஜ் மனம் நோகாமல் எடுத்துச் சொல்லும் காட்சியில் நான் சிரிக்கவில்லை; கைகூப்பினேன். பனியில் பதிந்த காலடிகளைக் கொண்டே நடந்ததைச் சொல்லிவிடும் அந்த மார்ஜ் பாத்திரத்துக்காகத்தான் பிரான்சிஸ் மெக்டார்மண்டுக்குச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் கிடைத்தது. படத்தில் அசடுகள் நிறையவே உண்டு. அவர்கள் குற்றம் செய்கிற பக்கம் இருக்கிறார்கள்.

விமர்சனத்தின் இரண்டாம் பத்தியிலேயே முடிவைப் போட்டுடைப்பதும் இவருக்குப் புதிதல்ல. சென்ற ஆண்டு இதே குறையைச் சுட்டி நான் எழுதிய கடிதம் இன்னமும் தங்கள் பரிசீலனையில் இருப்பதாகவே நம்பிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இடப் பற்றாக்குறை இருந்தால், விமர்சகரின் புகைப்படத்தைச் சற்றே சிறிதாக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
காவல் நிலைய எழுத்தர் (ஓய்வு)